பேர் வெட்டின பாத்திரமும் ஒரு பாத்திக் கீரையும்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஒரு நாள் காலையில் எங்கள் வாசற்படியில் ஓர் எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. உள்ளே பெரிய பெரிய முட்டைகள்.
2. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், கேசரி வைத்துக் கொடுத்தேன்.
3. பாத்திரம் திரும்பி வந்தது. உள்ளே முட்டைகள்.
4. சர்க்கரைப் பொங்கல்.
5. முட்டைகள்.
6. வசந்த காலம் முழுவதும் இப்படியே.
7. பிறகு ஒரு நாள் பாத்திரம் வெறுமையாக வந்தது.
8. தி. நகரில் என் அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.
9. நான் அந்தப் பாத்திரத்தில் பேர் வெட்டினேன்.
10. அதற்குப் பிறகு நடந்தது பட்டியலுக்குள் அடங்க மறுத்தது. ஆகவே கீழே எழுதுகிறேன்.

இது நியூசிலாந்தின் தென் தீவில், ஒரு பாக்கெட் உப்பு வாங்குவதற்கும் காரை எடுக்க வேண்டியிருக்கிற ஒரு கிராமத்து வாடகை வீட்டில் நடந்தது. நான் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே செய்யலாம். கணவர் அசோக் நகர்க்காரர். இங்கே ஒரு பால்பொருள் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். எங்களைச் சுற்றி ஆடுகள். ஆடுகளுக்கு அப்பால் ஒரே ஒரு பக்கத்து வீடு. அதில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மாள் தனியாக இருந்து ஆடு வளர்க்கிறார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், வாய் நிறைய மௌனம். ஒரு வாக்கியத்தில் நான்கு சொற்களுக்கு மேல் அவர் செலவழிப்பது அபூர்வம்.

என் தோட்டக்கலைத் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குத் தி. நகரில் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வைத்த கடை. வீடு கடைக்கு மேலேயே. விற்காத, அடிவாங்கிய பாத்திரங்கள் எல்லாம் மொட்டை மாடிக்கு வரும். அவற்றில் மண் போட்டு நான் செடி வைப்பேன். ஓட்டை அண்டாவில் துளசி, மூடி தொலைந்த இட்லிச் சட்டியில் தக்காளி. பத்து விதை போட்டால் இரண்டு முளைக்கும். அதில் ஒன்றை அணில் எடுத்துக்கொள்ளும், இன்னொன்றை மே மாதம் எடுத்துக்கொள்ளும். எனவே பாக்கெட்டில் இருப்பதை அப்படியே கொட்டி விதைப்பது என் வழக்கம்.

இங்கே வந்த முதல் வசந்தத்தில் சீமைச் சுரைக்காய் விதையை அந்த வழக்கப்படியே கொட்டினேன். எல்லாம் முளைத்தன. ஒன்றுகூட விடாமல்.

கணவர் தோட்டத்தின் நடுவில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாமா இது, மொத்த க்ளாஸும் பாஸ் ஆயிருக்கு?"

"பிடுங்கிடலாமா?"

"பாவம், ஆசையா வந்துகீது. இருந்துட்டுப் போட்டும்."

இருந்தன. அதன் பிறகு நாங்கள் சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய் அடை, சுரைக்காய்த் துவையல், சுரைக்காய் அல்வா ஆகியவற்றைச் சாப்பிட்டு வாழ்ந்தோம்.

ஆனால் எனக்கு முக்கியமானது சுரைக்காய் இல்லை. கீரை. அதற்குக் காரணம் அப்பா. நாங்கள் கிளம்பியதிலிருந்தே, அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பது அவருடைய ஒரே கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் கடை கல்லாவில் உட்கார்ந்தபடியே தீர்ப்பைச் சொன்னார்.

"அங்க புல்லத் தவிர என்னட்டி முளைக்கும்? பொங்கலுக்கு நாங்க வாரோம்லா, உன் மண்ணுல போட்ட கீரைய மசிச்சு ஒரு வாய் சோறு போடு. போட்டுட்டேன்னா, சரி, புள்ள அங்க நெலச்சுட்டான்னு நானே ஊருக்கெல்லாம் சொல்லுதேன். இல்லேன்னா பேசாம ரெண்டு பேரும் கெளம்பி வந்திருங்க. மாடி ரூமு காலியாத்தான் கெடக்கு."

மாடி ரூம் என் பழைய அறை. கடையில் இடமே இல்லாமல் குக்கர் டப்பாக்கள் படிக்கட்டு வரை வந்துவிட்டபோதும், அந்த அறையில் ஒரு டப்பாவைக்கூட அவர் அடுக்க விடவில்லை. நான் திரும்பி வருவேன் என்பதற்கு அவர் செய்து வைத்திருந்த முன்பதிவு அது. எனக்கோ இந்த ஊர் பிடித்துவிட்டது. அதை வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. பாத்திரக் கடைக்காரர்கள் சொல்லை நம்புவதில்லை, தட்டிப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

தண்டுக்கீரை விதை கிடைத்தது. இங்கே அதை அலங்காரப் பூச்செடி என்று விற்கிறார்கள். "பூச்சாடியில் வைத்தால் அவ்வளவு அழகு" என்றார் விதைக் கடைப் பெண். மசியலிலும் அழகு என்று சொல்ல வாய் வரை வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பாத்தி கட்டி, பாக்கெட்டை அப்படியே கொட்டினேன்.

ஒரே சிக்கல் தண்ணீர். இந்த வீட்டுக்கு மழைத் தொட்டிதான். கோடையில் அது குளிக்கவும் குடிக்கவுமே சரியாக இருக்கும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்த எனக்குத் தொட்டியின் அடி தெரிந்தால் தூக்கம் வராது. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மாள் தன் கிணற்று மோட்டாரிலிருந்து ஒரு நீண்ட பச்சைக் குழாயை ஆட்டு வயலின் குறுக்கே இழுத்து வந்து என் பாத்தியில் போட்டுவிட்டுப் போனார். ஆக, கீரை அப்பாவுக்கு. கீரைக்குத் தண்ணீர் அந்த அம்மாளிடமிருந்து. அவரோடு உறவு கெட்டால் எல்லாம் கெட்டது. அதனால்தான் அந்தப் பாத்திரத்தை நான் அவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

முட்டையோடு முதல்முறை பாத்திரம் வந்த அன்றே அதை அப்பாவிடம் காட்டினேன். அகலமான, கனமான சட்டி. அடியில் நிறையக் கீறல்.

"தட்டு, பாப்போம்" என்றார். போனுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல சாமான். சமைக்கிற பாத்திரம் இல்லட்டி இது. சாப்பிடுத பாத்திரம். தெனம் பொழங்கிருக்காவ. ஆசையா வச்சிருந்தத உனக்கு அனுப்பிருக்காவ, கேட்டியா."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "வெறும் பாத்திரமாக் குடுத்துராதட்டி! நாலு பேரு நம்மளக் கேப்பாவ, பாத்திரக் கடைக்காரன் புள்ளைக்கு இதுகூடத் தெரியலியான்னு!"

நாலு பேருக்கு இங்கே எங்கே போவது என்று கேட்கவில்லை. கேசரி கிளறி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அம்மாள் கேசரியை வெகுநேரம் பார்த்தார்.

"இதில் என்ன?"

"ரவை, சர்க்கரை, நெய், முந்திரி."

"முந்திரி?" என்றார். பிறகு, "தாராளமான மனம்தான்" என்றார். நான் கிளம்பும்போது, "வேலி போட்டாயிற்றா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அவசரமில்லை."

ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வரும். நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா' என்பதைப் போல, ஆட்டுக்காரர்கள் ஊரில் 'வேலி போட்டாச்சா' என்று கேட்பார்கள்போல என்று புரிந்துகொண்டேன். அதைப் பழகிக்கொள்ள விரும்பி, ஒருமுறை கடையில் கல்லாப் பெண்ணிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் தன் வீட்டில் வேலி இருப்பதாகச் சொன்னார்.

பாத்திரம் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, முட்டையோடு வந்தது. "ஒரு பருக்கை மிச்சமில்லை" என்பார் அம்மாள். சமைத்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் வேலையில் வைப்பதுபோலவே ஓர் அட்டவணை வைத்தேன். கேசரி: நல்ல வரவேற்பு. சர்க்கரைப் பொங்கல்: மிக நல்ல வரவேற்பு. சுரைக்காய்க் கூட்டு: பரவாயில்லை. எலுமிச்சை ஊறுகாய் மட்டும் தோல்வி. "அது வேண்டாம்" என்றார். "அன்று முழுவதும் ஒரே கத்தல்." காரத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறாரே என்று அவர் மேல் மரியாதை கூடியது.

பிறகு டிசம்பரில் இங்கே கோடை தொடங்கியது. பாத்திரம் வெறுமையாக வந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"வெறும் பாத்திரமாவா வந்துச்சு? ஒரு எலுமிச்சம்பழம்? ஒரு துளி சீனி?"

"ஒண்ணுமே இல்லம்மா."

"போச்சு. மனஸ்தாபம்தான். என்னத்தட்டி வச்சுக் குடுத்த போன தடவ?"

"சுரைக்காய் அல்வா."

அம்மா சொன்னார்: "நானா இருந்தாலும் அப்படித்தான் அனுப்பிருப்பேன்."

அன்று மாலை பச்சைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு? கீரை அப்போதுதான் நான்கு விரல் உயரம். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது.

அப்போதுதான் மிஷின் நினைவுக்கு வந்தது. கல்யாணத்தின்போது அப்பா எனக்குக் கொடுத்த சீர்வரிசையில், கடையில் பாத்திரங்களில் பேர் வெட்டும் சின்ன மிஷினும் ஒன்று. பேனா மாதிரி பிடித்துக்கொண்டு எழுதினால் 'டர்ர்' என்று எவர்சில்வரில் எழுத்து விழும். பேர் இல்லாத பாத்திரம் அடுத்த வீட்டுப் பாத்திரம் என்பது அவர் கொள்கை. இந்தப் பாத்திரத்தில் பேரே இல்லை. இவ்வளவு ஆசையாகப் புழங்கும் பாத்திரத்தில் அந்த அம்மாளின் பேரை அழகாக வெட்டிக் கொடுத்தால், அதைவிட மரியாதை உண்டா?

விளிம்புக்குக் கீழே, ஆங்கிலத்தில், அவர் பேரை முழுதாக வெட்டினேன். பக்கத்தில் ஒரு சிறிய பூ. உள்ளே, பாதுகாப்புக்காக, சர்க்கரைப் பொங்கல். அவர் வீட்டில் இல்லாததால் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

வேலையில் நாங்கள் பிழை அறிக்கையை எழுதுவது இப்படி. எதிர்பார்த்த விளைவு: சமாதானம். நடந்த விளைவு: வாத்து.

மறுநாள் காலையில் அம்மாள் வந்தார். ஒரு கையில் பாத்திரம். இன்னொரு கைக்கடியில், வெள்ளை வெளேரென்று, நம் ஊர் வாத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி நீளக் கழுத்து வைத்ததுபோல் ஒன்று. அது என்னைப் பார்த்ததும் கத்தியது. அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

"என் பேரை யாரும் எதற்கும் வைத்ததில்லை" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அது.

"எதற்கு வைத்தேன்?"

"இதற்கு" என்று வாத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

இந்த ஊரில் வீட்டு விலங்கின் சாப்பாட்டுச் சட்டியில் ஒரு பேர் இருந்தால், அது அந்த விலங்கின் பேர். பாத்திரம் அம்மாளுடையதே இல்லை. வாத்தினுடையது. வாத்தும் அம்மாளுடையது இல்லை, எங்கள் வீட்டினுடையது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. புதிதாக வருகிறவர்கள் வேலி போடும் வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அம்மாள் சொல்லிக்கொள்வார் என்று அவர் எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று அம்மாள் சொல்லாமல் விட்டிருக்கிறார். முட்டைகள் வாத்து இட்டவை, ஆகவே எங்களுக்குச் சேர வேண்டியவை. கோடை வந்ததும் வாத்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. பாத்திரம் வெறுமையாக வந்ததற்கு அவ்வளவுதான் காரணம்.

"அப்படியென்றால் கேசரி?" என்றேன்.

"வாத்துக்குத் தீனி அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன்." கொஞ்சம் யோசித்தார். "முந்திரி அதிகம்தான் என்று தோன்றியது."

பேர் அவருக்காக வெட்டியது, வாத்துக்காக இல்லை என்று அப்போதே விளக்கியிருக்கலாம். ஆனால் அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? அன்று முதல் வாத்துக்கும் பக்கத்து வீட்டம்மாளுக்கும் ஒரே பேர். அந்தப் பேரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், இருவரில் யார் கோபித்துக்கொண்டாலும் எனக்கு நல்லதில்லை.

கணவர் மாலையில் வந்து வாத்தையும் பாத்திரத்தையும் பார்த்தார். "இன்னாமா, அதுக்கு ஆதார் கார்டே போட்டுக் குட்த்துட்டியா?"

அம்மாவிடமும் சொல்லியாக வேண்டியிருந்தது.

"வாத்துச் சட்டியிலயாட்டி சர்க்கரைப் பொங்கல் குடுத்த?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? அப்பாவே தட்டிப் பாத்துட்டு, சாப்பிடுத பாத்திரம்னுதான சொன்னாங்க!"

கல்லாவிலிருந்து அப்பாவின் குரல்: "சாப்பிடுத பாத்திரம்தான? நான் சொன்னதுல என்ன தப்பு?"

இப்போது சிக்கல் இடம் மாறியிருந்தது. குழாய் இருந்தது, தண்ணீர் இருந்தது, உறவு தேனாக இருந்தது. ஆனால் முந்திரி தின்று வளர்ந்த ஒரு வாத்து என் கீரைப் பாத்தியைச் சுற்றி, கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் உலாத்துகிறவரைப்போல் உலாத்திக்கொண்டிருந்தது. கீரை முழங்கால் உயரம் வந்து, செவ்விலை தளதளத்தது. திருப்பி அனுப்பவும் முடியாது. ஒருவரின் பேரை வைத்துவிட்டு அவரிடமே திருப்பி அனுப்பினால் அது எந்த ஊரில் மரியாதை?

கணவர் தக்காளிக் குச்சிகளையும் பழைய கொசுவலையையும் வைத்து வேலி போட்டார். "வேலி போட்டாயிற்றா?" என்று வந்து பார்த்த அம்மாள், வேலியை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் தினமும் மூன்று வேளை பாத்திரம் நிறைய வேகவைத்த சுரைக்காயை வைத்தேன். பசிக்காத வாத்து பாத்திக்குப் போகாது என்பது என் கணக்கு. பொங்கலுக்கு முந்தைய நாள் வரை அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

அன்று அப்பா அம்மாவை அழைத்துவர இருவரும் விமான நிலையம் போனோம். திரும்பி வந்து கார் கதவைத் திறந்தால், கொசுவலை வாத்தின் கழுத்தில் மாலையாகக் கிடந்தது. பாத்தியில் ஓர் இலை இல்லை. விரல் தடிமனில் சிவப்புத் தண்டுகள் மட்டும் வரிசையாக, கொடியில்லாத கொடிக்கம்பங்கள்போல நின்றன.

எனக்கு மாடி ரூம் கண்முன்னே வந்தது. அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பாத்திக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இதுதானாட்டி கீரை?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சுப்பா. இவ்ளோ உயரம்."

"எல்லாத்தையும் இதா தின்னுச்சு?"

"ஆமாப்பா."

"ஒரு எலகூட வைக்காமலயா?"

வாத்து அவரைப் பார்த்துக் கத்தியது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். "எள தண்டுதான். இத ஏன் விடணும்? புளி இருக்காட்டி?"

அன்று இரவு எங்கள் வீட்டில் தண்டுக்கீரைப் புளிக்குழம்பு. அப்பா ஒவ்வொரு தண்டாக எடுத்து, முருங்கைக்காயைச் சுவைப்பதுபோல் மென்று, சக்கையைத் தட்டின் ஓரத்தில் குவித்தார். குவியல் பெரிதானது. இரண்டாம் முறை சோறு கேட்டார். கை கழுவியதும் கடைக்குப் போன் போட்டார்.

"ஆமாய்யா, வந்து சேந்தாச்சு. கீரையா? அத ஏன் கேக்க. முந்திரிப்பருப்பு தின்னு வளந்த வாத்துய்யா, அதுவே ஒத்த எல மிச்சம் வைக்கல. அப்ப கீரை எப்படி இருந்துருக்கும்னு நீயே பாத்துக்க!" பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அந்த மாடி ரூமு சாவி மேசையில கெடக்கும். எடுத்து, படிக்கட்டுல இருக்க குக்கரையெல்லாம் உள்ள அடுக்கிரு" என்றார்.

நான் அடுப்படியில் சுத்தமாகவே இருந்த ஒரு கரண்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொங்கல். அம்மா தி. நகரிலிருந்து ஒரு புதுப் பாத்திரம் கொண்டுவந்திருந்தார். கடையிலேயே பேர் வெட்டியது. "இது மனுஷிக்கு" என்று சொல்லி, அது நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, கூடவே வந்து, அந்த அம்மாள் ஒரு ஸ்பூன் வாயில் போடும்வரை நகரவில்லை. பக்கத்து வீட்டம்மாள் மென்றார். நிறுத்தினார். வயலைத் தாண்டி எங்கள் வாத்து இருக்கும் திசையைப் பார்த்தார்.

"இத்தனை மாதமும் இதையா அதற்குக் கொடுத்தேன்?" என்றார்.

இப்போதைய நிலை: அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்பிவிட்டார்கள். மாடி ரூமில் குக்கர்கள் இருக்கின்றன. வெட்டிய தண்டுகள் மறுபடி துளிர்த்திருக்கின்றன. கணவர் இந்த முறை கம்பி வேலி போட்டிருக்கிறார். பச்சைக் குழாயில் தண்ணீர் வருகிறது. வாத்து நலம். புதுப் பாத்திரம் இன்னும் அந்த அம்மாள் வீட்டில்தான் இருக்கிறது. எதை வைத்துத் திருப்பித் தருவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.